அவர் பேசினால் போதும்

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குத் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டுகிறார்கள். ஏதோ மாவைக் கலந்து அதைக் கூழாக்கிவிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடுமாம். ஆரணி வெயிலில் சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்த மனுஷர், டொராண்டோவில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. அவர் அழவில்லை. வலது கை விழுந்துவிட்டதா, சரி என்று இடது கையால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். பாதி சட்டையில் சிந்தும். மீதியை விழுங்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் திட்டிய அந்த வீம்பை இப்போது வாய்பிளந்து ரசிக்கிறேன்.

பேச்சுதான் வரவில்லை. ஆரணிப் பக்கம் எங்கள் சேவூரில் தறிச் சத்தத்தை மீறித் தெருமுனைவரை கேட்ட குரல் அது. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வார்டில் துளசி என்றொரு நர்ஸ், யாழ்ப்பாணத்துப் பெண். தமிழைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தேன்.

"முன்னெல்லாம் எந்நேரமும் பேசிகினே இருப்பாரும்மா. இப்ப ஒரு தபா பேசினா போதும், எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, பேச்சு வாங்கிப் பழகிட்டீங்கள் போல. இங்க அப்பிடி இருக்கத் தேவையில்லை" என்றாள்.

மறுநாள் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, வீட்டில் நான் சேஃப்பாக இருக்கிறேனா என்று தணிந்த குரலில் கேட்டார். வெரி சேஃப், டபுள் லாக் என்றேன்.

விஷயம் பிறகுதான் உடைந்தது. துளசியின் ஊரில் பேசுவது என்றால் திட்டுவதாம்! நாம் பேசுவது அவர்களுக்குக் கதைப்பது. அவர் என்னைக் கொடுமைப்படுத்துகிறார் என்று பயந்து அவள்தான் அந்த வெள்ளைக்கார அம்மாவை அனுப்பினாளாம். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தோம். அன்றிலிருந்து அந்தப் பெண் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணை, அக்காவை ஒருக்காப் பேசுங்கோ" என்று வம்பிழுப்பாள். அவளை எந்தக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது என்றே தெரியவில்லை.

நேற்று மதியம் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே இந்த வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்தது.

"ஏய்!"

திரும்பினேன். வாய் கோணிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, ஜன்னலைக் காட்டுகிறார்.

"பாவு... நனையுது... ஜல்தி!"

தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைச் சேவூரில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்போம். அதுதான் பாவு. முதல் தூறலுக்கே அவர் போடுகிற கூச்சலில் பாதித் தெரு சுருட்ட ஓடிவரும்.

சத்தம் கேட்டு வந்த துளசி, "அவர் கதைச்சவரோ, பேசினவரோ?" என்றாள்.

"ரெண்டும்தாம்மா!"

சொல்லும்போது நான் அறைவாசலுக்கே ஓடியிருந்தேன். தடித்த ஸ்வெட்டருக்கு மேல் இல்லாத முந்தானையை இழுத்துச் செருக, என் கை இடுப்பில் தடவிக்கொண்டிருந்தது.