படிவத்தில் மெட்ராஸ் என்று எழுதினேன்

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் விஜயபுரம் பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று தொல்லையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஊரில், எல்லையை எங்கே போடுவது என்ற பேச்சு வந்ததும் ஆளாளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குக் கொஞ்சம் பெரிதாகவே முளைத்தது. ஊரைச் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்க்க வேண்டும் என்று அனுப்பிய மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. இனித் தெலுங்கில் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சபதம் வேறு. புத்தூர் சந்தையில் காலமெல்லாம் தெலுங்கிலேயே வேர்க்கடலை விற்ற மனிதர், ஊமையைப் போல விரலைக் காட்டி விலை பேசியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம்தான் நான் இன்டர்மீடியட் பரீட்சை எழுதினேன். படிக்க வேண்டிய நேரத்தில் 'எங்கள் ஊர் மெட்ராஸுக்கே' என்று சுவர் சுவராகச் சுண்ணாம்பில் எழுதிக்கொண்டு திரிந்ததில், கெமிஸ்ட்ரியில் தேறியதே பெரிய காரியம். ஆனால் எனக்கு ஆசை என்னவோ மருந்துப் படிப்பின் மேல்தான். நகரியில் ஒரு கம்பவுண்டர் மிக்சரைக் கலக்கிப் புட்டியில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரத்தை வெட்டு வெட்டாக நறுக்கிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். சின்ன வயதில் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம்.

மருந்துப் பட்டப்படிப்பு அப்போது எங்கள் பக்கம் இல்லை. கடலோர ஜில்லா ஒன்றில் இருந்த பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். எங்களைப் போன்ற பின்தங்கிய ஜில்லாப் பிள்ளைகள் என்றால் மார்க் குறைந்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். என் மார்க்குக்கு அந்தச் சலுகையை விட்டால் வேறு கதி கிடையாது.

படிவத்தில் 'சொந்த மாநிலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நைனாவைப் பார்த்தேன்.

"இதுல இன்னாடா யோசன? மெட்ராஸுன்னு போடு."

போட்டேன். மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வைத் திருப்பதியில் வைத்திருந்தார்கள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெலுங்கில் நன்றாகவே பதில் சொன்னேன். தலைவராக உட்கார்ந்திருந்தவர் கடைசியில் படிவத்தைப் புரட்டினார். மெட்ராஸ்காரனுக்கு இந்தச் சலுகை எப்படியப்பா பொருந்தும் என்று கேட்டார். ஊர் சித்தூர் ஜில்லாதான் என்று திக்கித் திணறிச் சொன்னேன். நாளை மத்தியானம் பட்டியல் ஒட்டுவதற்குள் தாசில்தார் கையெழுத்தோடு சான்று கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு அழுகை வந்தது.

பஸ் பிடித்து வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆனது. தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டுமானால் முதலில் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் எழுதித் தர வேண்டும். அங்கேதான் சிக்கல். கர்ணம் தெலுங்குக்காரர். எல்லை விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது இது தெலுங்கு ஊர்தான் என்று சொன்னவர். அதற்காக ஊரார் எதிரிலேயே அவரைப் பொய்க் கணக்கு எழுதுகிறவன் என்று சொன்னவர் எங்கள் நைனா. அன்றோடு பேச்சு நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் 'அந்தாளு' என்றால் அது கர்ணம்தான்.

நடந்ததையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். என் மார்க்குக்காக அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சான்றுக்காக ஊர் ஆந்திராதான் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். முதல் கையெழுத்துக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று கர்ணம் நாளைக்கு அதிகாரிகளிடம் காட்டினால், மனு என்ன ஆவது?

"இந்தப் படிப்பு ஒனுக்கு வேணுமா வேணாவா?"

"வேணும் நைனா."

"அப்ப வா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கர்ணம் வீட்டு வாசலில் போய் நின்றதும் நைனா வாயைத் திறந்தார். ஆறு மாதமாகப் பூட்டி வைத்திருந்த தெலுங்கு வந்தது. "கர்ணம் காரு, மா அப்பாயிக்கி ஒக காகிதம் காவாலி." என் பையனுக்கு ஒரு காகிதம் வேண்டும். நைனாவின் அந்த இறங்கிய குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

கர்ணம் எழுந்து வந்தார். பதில் தமிழில் வந்தது. "மொதல்ல உள்ள வந்து குந்துய்யா."

விஷயத்தை நான்தான் சொன்னேன். நைனா, ஊர் ஆந்திராதான் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எப்படியாவது பையனுக்குச் சான்று கொடுங்கள் என்று தெலுங்கிலேயே சொல்லிப் பேனாவுக்குக் கையை நீட்டினார். கர்ணம் பேனாவைத் தரவில்லை.

"ஒங் கையெழுத்து எனுக்கு எதுக்குய்யா? பையன் படிப்ப வச்சிக்கினுதானா நான் ஒங்கிட்ட ஜெயிக்கணும்?"

தானே காகிதத்தை எடுத்து நிதானமாகத் தெலுங்கில் எழுதினார். நைனாவுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினார். இந்தப் பையன் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். இன்றைய தேதியில் இந்த ஊர் ஆந்திர ராஜ்ஜியம், சித்தூர் ஜில்லாவில் இருக்கிறது.

"இன்னிக்கின்னுதான் போட்டுக்கீறன். நாளைக்கு எங்க போவுமோ, அத நாம அப்பறமா சண்ட போட்டுக்கலாம்" என்றார்.

நைனா சிரித்துவிட்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கர்ணமும் எங்களோடு புத்தூர் வந்தார். தாசில்தார் ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்று, முதல் ஆளாகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். நாங்கள் திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டியலை ஒட்டப் பசை தயாராக இருந்தது. தலைவர் சான்றை வாங்கிப் படித்தார். 'இன்றைய தேதியில்' என்ற இடத்தில் நிறுத்தி, உங்கள் கர்ணம் உஷாரான ஆள்தான் என்று சிரித்தார். பட்டியலின் அடியில் என் பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தார்கள். இருந்ததிலேயே குறைந்த மார்க் எனக்குத்தான். நான் காட்டியும் நைனாவுக்கு நம்பிக்கை வரவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, அது என் பையன் பேர்தானா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் பட்டம் வாங்கும் முன்பே எல்லைத் தகராறு முடிந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நைனா எப்படித் தாங்குவாரோ என்று ஹாஸ்டலில் இருந்து பயந்து பயந்து கடிதம் போட்டேன். பதிலில் எல்லையைப் பற்றி இவ்வளவுதான் இருந்தது. "கர்ணம் வந்தாரு. அதப் பத்தி ஒண்ணும் பேசல. நீ எப்ப லீவுல வருவேன்னு கேட்டாரு. சாப்டுட்டுதான் போனாரு."

ஆஸ்பத்திரி மருந்துக் கூடங்களில் காலம் தள்ளி ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன. நைனாவும் இல்லை, கர்ணமும் இல்லை. எங்களைத் தோற்கடிக்க ஒரு கையெழுத்து தானாகவே தேடி வந்தும் அதை வேண்டாம் என்று சொன்ன மனிதரையா ஆறு மாதம் 'அந்தாளு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தால், இந்த வயதிலும் எனக்கு வெட்கத்தோடு கண் நிறைந்துவிடுகிறது.