அண்ணியின் மூக்கு

நாத்தனார் என்றாலே குடும்பத்தைக் கலைக்க வந்தவள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் சண்டைக்காரிதான், மறுக்கவில்லை. என் சலவைக் கடையில் ஒரு பொத்தான் போனதற்கு யாராவது குரலை உயர்த்தினால், நான் அதற்கு மேலே இரண்டு படி ஏறி நின்று பேசுவேன். ஆனால் நான் இதுவரை போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் என் அண்ணிக்காகப் போட்டவை. அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. அதனால் அவள் பங்கையும் சேர்த்து நானே போட வேண்டியதாகிவிட்டது.

அண்ணி டாக்டர். கடைத்தெரு முனையில் ஒரு சின்ன கிளினிக்கில் காய்ச்சல், இருமல், சைக்கிளில் விழுந்த முழங்கால் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுடைய ஃப்ளாட்டில் இரண்டாவது அறை என்னுடையது. கல்யாணம் சரிப்பட்டு வராமல் ஒற்றைப் பையோடு நான் அந்த வாசலில் வந்து நின்ற அன்று அண்ணன் ஆயிரம் கேள்வி கேட்டான். அண்ணி ஒன்றுமே கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிடிக்கவில்லை போல, திரும்ப வைத்துவிட்டாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள். "இது சுத்தமா இருக்கு. போய் குளிச்சிட்டு வாம்மா, சாப்பிடலாம்" என்றாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் துண்டில் முகம் புதைத்து அழுதேன். அன்றிலிருந்து அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

எதைக் கையில் எடுத்தாலும் அண்ணிக்கு முதலில் மூக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பிறவிப் பழக்கம். பாலை முகர்ந்து, "நாளைக்குக் காலையில திரிஞ்சிடும், இப்பவே காய்ச்சிடு" என்பாள். சொன்னபடி திரியும். மேல்வீட்டில் கேஸ் கசிந்ததை இங்கிருந்தபடியே கண்டுபிடித்தவள் அவள்தான். "போலீஸ்ல சேர்ந்திருந்தா இந்நேரம் கழுத்துல மெடலும் கட்டிப்போட சங்கிலியும் குடுத்திருப்பாங்க" என்று அண்ணன் கேலி செய்வான். அவள் சிரித்துக்கொண்டே அவன் சட்டையை முகர்ந்து பார்த்து அழுக்குக்கூடையில் போடுவாள்.

அவளுக்கு மைக்ரோபயாலஜி படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது ஒரு வேன் டிரைவரால். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நல்ல உடம்பு. காய்ச்சல் என்று வந்தார். அண்ணி ஒரு மருந்து கொடுத்தாள், குறையவில்லை. மாற்றிக் கொடுத்தாள், அதற்கும் குறையவில்லை. மனிதர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே லேபில் அவர் ரத்தத்தை ஒரு புட்டியில் வைத்து உள்ளே இருந்த கிருமியை வளர்த்து, இன்ன கிருமி, இன்ன மருந்துக்குத்தான் அடங்கும் என்று கண்டு சொன்னார்கள். அந்த மருந்து போன பிறகு மனிதர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாராம்.

"நான் இத்தனை நாளா இருட்டுல கல்லு எறிஞ்சிட்டு இருந்திருக்கேன்" என்றாள் அண்ணி. "அங்க ஒருத்தர் விளக்கைப் போட்டாரு. எனக்கு அந்த வேலை வேணும்."

டாக்டருக்குப் படித்தவர்கள் மேற்கொண்டு மூன்று வருடம் ஒரு துறையில் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்கு ரெசிடென்ஸி என்று பெயர். எங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் மைக்ரோபயாலஜிக்கு இரண்டே இடம். அதோடு ஒரு விதி: பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணிக்குச் சென்ற வருடம் எட்டு முடிந்திருந்தது.

கேட்டவர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். "நோயாளியையே பாக்காத டாக்டரா?" என்று என் கடைக்கு வரும் ஒரு பெரிய மனிதர் கேட்டார். "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எந்த மாத்திரைன்னு அந்த டாக்டர் சொன்னாதான் உங்க டாக்டருக்கே தெரியும். கோட்டுக் கறை போகல, எடுத்துட்டுப் போங்க" என்றேன். கறை போயிருந்தது. அன்று அவரிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

சென்ற வருடத்து நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்த அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். கேள்விகளுக்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் துறைத் தலைவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் அம்மாள், ஒரு பிளேட்டை அவள் கையில் கொடுத்திருக்கிறார். பிளேட் என்றால் கிருமி வளர்க்கிற மூடி போட்ட வட்டத் தட்டு. இது என்ன கிருமி என்று கேட்டிருக்கிறார். அண்ணி மூடியைத் திறந்தாள். பாலை முகர்கிற மாதிரியே முகர்ந்தாள். திராட்சை வாசனை அடித்தது. கிருமியின் பெயரைப் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"சரியா தப்பா?" என்றேன்.

"சரிதான்."

"அப்புறம் என்ன?"

"'பேர் சரி. ஆனா உங்கள லேப்ல சேர்த்தா உங்களுக்கும் ஒரு பெட் ஒதுக்கணும். நீங்க போகலாம்'னு சொல்லிட்டாங்க."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. சரியான பதில் சொன்னவளைத் துரத்துவதாவது? பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அண்ணிதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவங்க சொன்னது நியாயம்மா. சில கிருமி மூச்சு வழியாவே உள்ள போயிடும். மோந்து பார்த்தே மாசக்கணக்குல படுத்தவங்க இருக்காங்க. தெரிஞ்சிருந்தும் செஞ்சேன். கை தானா போயிடுச்சு."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றான் அண்ணன், பாவம், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. நான் பார்த்த பார்வையில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

ஆனால் அவன் சொன்னது என் மனதில் முள்ளாகக் குத்தியது. இன்னும் ஒரே ஒரு வருடம். அதற்குள் பிறவிப் பழக்கத்தை விட வேண்டும். விட வைக்கிறேனா இல்லையா பார் என்று மனதுக்குள் அண்ணனிடம் சவால் விட்டேன்.

கடையிலிருந்து ஒரு கைப்பிடி துணிக் கிளிப்புகளைக் கொண்டு வந்தேன். அண்ணி எதையாவது முகர்ந்தால், யார் பார்த்தாலும், உடனே அவள் மூக்கில் ஒரு கிளிப் மாட்டிவிடலாம் என்று வீட்டில் சட்டம் போட்டேன். முதல் வாரம் அவள் மூக்கு சிவந்தே இருந்தது. கிளிப்போடு போனில் பேசியபோது கிளினிக்கிலிருந்து, "டாக்டருக்கு ஜலதோஷமா, லீவு வேணுமா?" என்று கேட்டார்கள். மருத்துவம் படித்தவள், என்னைவிடப் பெரியவள், என் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

இதில் அடிபட்டது அண்ணன்தான். அண்ணி மூக்கை நம்பித்தான் எங்கள் சமையலறை நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பால் திரிந்துகொண்டே இருந்தது. கெட்டுப்போனதை ஒருநாள் அவன் மடக்கென்று குடித்துவிட்டு, "என் வயித்தையும் சேர்த்தா அங்க பரீட்சை வைக்கறாங்க?" என்று புலம்பினான்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றேன்.

"பூமி வேணாம், நல்ல பால் குடு போதும்."

முகர முடியாதவள் பார்க்க ஆரம்பித்தாள். மிச்சம் மீதியைக் கண்ணாடி டப்பாக்களில் போட்டு மூடி, பூசணம் பூக்க விட்டு, திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஓரம் எப்படி இருக்கிறது, நிறம் எங்கே மாறுகிறது, நேற்றைக்கு இன்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். விடுமுறை நாட்களில் ஒரு தனியார் லேபில் கெஞ்சிக் கேட்டு, சம்பளம் இல்லாமல் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள். கால் வீங்கியிருக்கும், முகம் மட்டும் தெளிவாக இருக்கும்.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அண்ணி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "சிறு வயது முதலே நுண்ணுயிரிகள் மீது எனக்குத் தீராத ஆர்வம்..."

"நிறுத்துங்க அண்ணி. சின்ன வயசுல யாருக்காவது கிருமி மேல ஆசை வருமா? மிட்டாய் மேலதான் வரும்."

"எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க."

"எல்லாரும் பிளேட்ட மோந்து பாத்தாங்களா? அத எழுதுங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "என் தப்ப நானே எழுதிக் குடுக்கறதா? இதான் கடைசி வருஷம்மா. பேப்பர்லயே தள்ளிட்டாங்கன்னா உள்ளயே போக முடியாது."

"அவங்களுக்கு மறந்திருக்கும்னு நினைக்கிறீங்களா? என் கடையில மோசமான கறையோட வந்த சட்டை ஒண்ணுகூட எனக்கு மறந்ததில்ல. மடிச்சு மறைச்சுக் குடுக்கறவங்கள பாத்தாதான் எரிச்சல் வரும். இந்த இடத்துல கறை இருக்குன்னு காட்டிக் குடுத்தா நான் பாத்துப்பேன்."

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எழுதினாள். முதல் வரி இதுதான்: "சென்ற ஆண்டு இதே துறையில் நான் ஒரு பிளேட்டை முகர்ந்து பார்த்தேன்." வேன் டிரைவர் வந்தார், கண்ணாடி டப்பாக்கள் வந்தன. துணிக் கிளிப்பும் வந்தது. அனுப்பிவிட்டாளே தவிர, கூப்பிடும்வரை அவளும் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. தப்பான யோசனை சொல்லி அண்ணியின் கடைசி வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே பயந்துகொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள்.

அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். நேர்முகம் நடந்த லேபுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பது தெரியும், பேசுவது கேட்காது. அண்ணிக்கு முன்னால் போன இளைஞன் பிளேட் கைக்கு வந்ததும் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தான். கண்ணாடிக்கார அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்து அண்ணி. வெகுநேரம் பேசினார்கள். பிறகு அந்த அம்மாள் ஒரு பிளேட்டை எடுத்து நீட்டினார். அண்ணி வாங்கினாள். அவள் கை மேலே எழும்பியது, நேராக முகத்தை நோக்கி. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். பையிலிருந்த கிளிப்பை விரல் வலிக்க அழுத்திக்கொண்டிருந்தேன். வேண்டாம் அண்ணி, வேண்டாம் அண்ணி என்று வாய் முணுமுணுத்தது.

கை மூக்கைத் தாண்டி மேலே போனது. மூடிய பிளேட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து பார்த்தாள். எங்கள் சமையலறையில் டப்பாவைப் பிடிப்பாளே, அதே பிடி. மேலே ஒட்டியிருந்த சீட்டை வாசித்தாள். பிறகு மெதுவாக மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

உள்ளே நடந்த பேச்சை அண்ணி பிற்பாடு சொன்னாள். "இத நான் இங்க திறக்க மாட்டேன் மேடம்" என்றிருக்கிறாள்.

"திறக்காம எப்படிப் பேர் சொல்வீங்க?"

"பேர் தெரியலன்னு சொல்வேன். ரத்தத்துலருந்து எடுத்ததுன்னு போட்டிருக்கு, விட்டு விட்டுக் காய்ச்சல், மாட்டுப் பண்ணை வேலை. ஊசி முனை மாதிரி ரொம்பச் சின்னதா வளர்ந்திருக்கு. மூச்சுல ஏறற கிருமியா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். காத்து வெளிய வராத கேபினெட்டுக்குள்ள வெச்சுதான் திறப்பேன். பக்கத்து மேஜைல இருக்கறவங்ககிட்ட முதல்ல சொல்வேன்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டிருக்கிறார். "இதுல இருக்கறது ஒண்ணும் பண்ணாத கிருமி. சீட்டு மட்டும் நாங்க எழுதினது. காலையிலருந்து எல்லாரும் திறந்துட்டாங்க. போன வருஷம் நீங்க சரியான பேர் சொன்னீங்க, அனுப்பிட்டேன். இந்த வருஷம் பேர் தெரியலங்கறீங்க" என்று சொல்லிவிட்டு, "உங்க கடுதாசில ஒரு கிளிப் வந்துச்சே, அது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணி கண்ணாடிச் சுவரைக் காட்டினாள். அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் கையில் கிளிப்போடு அசடு வழிய நின்றுகொண்டிருந்தேன். ஒரு வருடமாக அந்த அம்மாளுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வெளியே வந்தவர் என்னிடம், "நீங்க யாரு, தங்கச்சியா?" என்றார்.

"நாத்தனார்."

"நாத்தனாரா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிளிப்ப விட்டுடாதீங்க. மூணு வருஷம் இருக்கு."

அவர் போன பிறகுதான் அந்த மூன்று வருடம் என் மண்டையில் ஏறியது. அண்ணியிடம் சொன்னேன். வாய் தவறி வந்திருக்கும் என்று அவள் நம்ப மறுத்துவிட்டாள். முறைப்படி அறிவிப்பு வந்த அன்று நான் கடையில் இருந்தேன். அண்ணி போனில் என் பேரைக்கூடச் சொல்லவில்லை, "கிடைச்சிடுச்சு" என்றாள். கடையில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன். கோட்டுக்காரப் பெரிய மனிதரும் இருந்தார். அவருக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னேன். கூலி வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்க என்றதும் மனிதர் வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தால் அண்ணன் அடுப்படியில் பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "பாஸ் பண்ணிட்டாள்ல, இத மட்டும் ஒரு தடவ மோந்து பாக்கச் சொல்லு" என்று கெஞ்சினான். அடுக்களைக்குச் சட்டம் தளர்த்தப்பட்டது.

அவள் சேர வேண்டிய நாள் வந்தது. புது வெள்ளைக் கோட்டை முந்தின நாளே கடையில் நானே துவைத்து, நானே இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அண்ணி வாசலில் தயாராக நின்றாள். பத்து வருடத்தின் கடைசி வருடத்தில் உள்ளே நுழைகிறவள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். நான் உடனே கொடுக்கவில்லை. கோட்டை என் மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்து பார்த்தேன்.

"இது சுத்தமா இருக்கு. போட்டுக்கிட்டுப் போயிட்டு வாங்க அண்ணி" என்றேன்.