மூச்சுக் கூட்டத்துக்குக் கொடுத்த நாலு வரி

என் அக்கா இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரித்து, கறைபட்டது, கிழிந்தது என்று ஒதுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, பல்செட், ஒருமுறை தங்க மோதிரம்கூட உள்ளே கிடந்தது. உரியவரிடம் சேர்க்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டாள். அப்பேர்ப்பட்டவளின் பொருளை அவள் தம்பியாகிய நான் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

அதே மருத்துவமனையின் மூன்றாவது மாடியில்தான் அக்காவின் கணவர், என் மாமா, இறந்தார். கடைசி ஒன்பது நாள் மெஷின்தான் அவருக்கு மூச்சு விட்டது. அக்கா வேலை முடிந்து மேலே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானாகக் கட்டிய நாலு வரியைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

'வந்த மூச்சே, வழி தெரியுமா? தெரியாட்டியும் போ, பயப்படாம போ. கதவைச் சாத்தாம போ. பின்னால நானும் வரேன்.'

அவர் போன பிறகும் விடவில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் நின்று சொல்வாள். அவளுக்குச் சாமி, பூதம் எதுவும் கிடையாது. "அதைச் சொன்னா அவர் முகம் அப்படியே வருதுடா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவ்வளவுதான் அவள் பக்தி.

நான் டப்பிங் வசனம் எழுதுகிறவன். அடுத்தவன் வாயசைப்புக்கு ஏற்ற சொல்லைத் தேடுவதே என் பிழைப்பு. நாலு வருடம் முன்பு ஒரு விண்வெளித் தொடர் வந்தது. அதில் இரண்டு கூட்டம். எல்லா நட்சத்திரங்களும் ஆதித்தாய் ஒருத்தி விட்ட மூச்சில் பிறந்தவை என்பது மூச்சுக் கூட்டத்தின் நம்பிக்கை. யாரும் மூச்சுவிடவில்லை, ஒரு பெரிய கல் உடைந்தது, அதில் சிதறியதுதான் எல்லாம் என்பது கல் கூட்டத்தின் வாதம். இதற்காகக் கப்பல் கப்பலாக அடித்துக்கொள்வார்கள்.

மூச்சுக் கூட்டத்தின் கிழட்டுக் குரு ஒரு மந்திரம் சொல்லும் காட்சி வந்தது. வசனத் தாளில் அந்த இடம் காலி. ஒலிப்பதிவுக்காரரைக் கேட்டேன்.

"பழைய பாஷையாம்ண்ணே, அர்த்தமே கிடையாதாம். வாய்க்கு ஒட்டுற மாதிரி எதையாவது போட்டு விடுங்க" என்றார்.

கிழவர் உதடு மூடும் இடத்தில் ப, ம வர வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அக்காவின் நாலு வரியைப் போட்டேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. அக்கா டிவி பார்க்கமாட்டாள், அதனால் சொல்லவில்லை. அவளைக் கௌரவப்படுத்திவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மூன்றாம் பாகத்தில் குரு புரட்டன் என்று வெளிப்பட்டது. ஆதித்தாய் கட்டுக்கதை, மந்திரம் அவனே இட்டுக்கட்டியது. கல் கூட்டத்தின் சபையில் அவனை நிறுத்தி அதைச் சொல்லவைத்துக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அந்தக் காட்சியில் கிழவன் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். உதடே தெரியாது. மந்திரத்தை மறந்துவிட்டதாக உளறவைத்திருக்கலாம், அழவைத்திருக்கலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதே வரிகளைப் போட்டேன். போதாததற்கு, வரிக்கு வரி ஒரு விக்கலும் சேர்த்தேன். ஸ்டுடியோவில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

அந்தத் துண்டு போன் போனாகப் பரவியது. பஸ்ஸில் கல்லூரிப் பெண்கள் விக்கிக்கொண்டே சொன்னார்கள். சலவைப் பிரிவில் இஸ்திரி மெஷினில் நிற்கும் புதுப் பெண்ணும் சொல்லியிருக்கிறாள். அக்கா எனக்கு போன் செய்தாள்.

"அந்தத் தொடர் நீ எழுதினதாடா?"

"ஆமாக்கா."

"எல்லாரும் நல்லா சிரிக்கிறாங்க" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் நாலு அறை அறைந்திருந்தால் தேவலை. மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் பக்கமே போகாமல் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"சொல்லலையாக்கா?"

"சொல்லிப் பார்த்தேன். உன் மாமா முகம் வரமாட்டேங்குதுடா. அந்தக் கிழவன்தான் வர்றான்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பிழைப்புப் புத்தி முந்திக்கொண்டது.

"வேற நாலு வரி எழுதித் தரட்டுமாக்கா? இதைவிட நல்லா..."

அக்கா சீப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"நீ எழுதினா ஊரே சொல்லும். எனக்கு எதுக்குடா அது?" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.