திறக்காத டாங்கும் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தியும்

திராட்சைச் சாற்றின் புளித்த வாசம்... எத்தனை முறை துவைத்தாலும் அப்போது என் சுடிதாரை விட்டுப் போகாது. உத்தமபாளையம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "திராச்ச கம்பெனியாம்மா?" என்று கேட்பார்கள்.

2003 வாக்கில். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு கம்பம் பக்கத்தில் ஒரு சின்ன ஜூஸ் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. அந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான். எதையாவது செய்து காட்டிவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

கண்ணில் பட்டது பெரிய டாங்கின் கதவு. எட்டு போல்ட், எட்டும் துரு. முதலாளியிடம் போய், "எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா மாத்திருவோம் சார். ஆயுசுக்கும் துருப் பிடிக்காது" என்றேன். அவரும் வாங்கிக் கொடுத்தார். துருப் பிடிக்காததற்கு எண்ணெய் எதற்கு, கிரீஸ் எதற்கு? டயர் கடையில் இரவல் வாங்கிய, நட்டு முடுக்கும் காற்றுக் கன்னால் 'டர்ர்ர்...' என்று ஒரே மூச்சில் முடுக்கினேன். எட்டும் பளபளவென்று இருந்தன. பார்க்கப் பார்க்கப் பெருமை.

சீசன் தொடங்கிய அன்று காலை, கழுவுவதற்காகக் கதவைத் திறக்கப் போனோம். நானும், என்னோடு வேலை பார்த்த பாண்டியும். மூன்று நட்டு கழன்றது. நாலாவது அரைச் சுற்று வந்து, அப்படியே நின்றுவிட்டது. ஸ்பேனரில் பைப் சொருகி இருவரும் தொங்கினோம். 'டக்'. போல்ட் தலை துண்டாகிக் கீழே விழுந்தது. மிச்ச நாலும் அசையவே இல்லை.

வெளியே சுருளிப்பட்டி ராசு அண்ணனின் திராட்சை லோடு வந்து நின்றது. அவர் தோட்டத்தின் முதல் வெட்டு. வெயில் ஏறினால் பழம் கசிய ஆரம்பித்துவிடும். மற்ற டாங்குகளில் போன சீசன் சாறு, எதுவும் காலியில்லை.

எனக்கு அழுகை முட்டியது. நேரே முதலாளியிடம் போய், "என் தப்புதான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். "நீ சொன்னது நெசந்தாம்மா. ஆயுசுக்கும் இருக்கும்னியே, அப்படியேல்ல இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மதுரையில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்த்த மல்லிகாவுக்குப் போன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்சுக்காரி. லைன் கரகர என்றதால் நான் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. என் தப்பை ரோடே கேட்டது.

"ஏன்டி, எண்ணெய் போடாமக் காய விட்டா முடுக்குன? அதுவும் கன்னு வச்சு?" என்று அவள் சிரித்தாள். "போல்ட்டும் நட்டும் ஒரே ஸ்டீலு. வேகமா உரசுனா சூடாகி ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிரும். இனி இழுக்காத, அறுத்துரு. கிரைண்டர் வேணாம், பொடி டாங்குக்குள்ள போயிரும். புதுசு மாட்டும்போது திருகு மரைய நல்லாத் தொடச்சிட்டு மெழுகு தேயி. கையால மெதுவாச் சுத்து. இறுகுதுன்னா நிறுத்திரு, சூடு ஆறட்டும்."

"சரி, கை ரம்பத்தாலயே அறுத்துர்றோம். புதுசுக்குக் கிரீஸ் போடவா?"

"குடிக்கிற சாமான்டி! சாதாக் கிரீஸு எதுக்கு? அதுக்குன்னு தனியா பேஸ்ட் இருக்கு, அப்பறம் வாங்கு. இன்னைக்கு மெழுகு போதும்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், வீட்டுக்குப் போன் பண்ண வந்த ராசு அண்ணன் பின்னால் நிற்கிறார். "ரம்பம் எங்கன இருக்கு ஆத்தா? நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றார். கரண்ட் போகும் ஊர் அல்லவா, பூத்து அக்காவிடம் மெழுகுவர்த்தி எப்போதும் இருக்கும். ஒரு பாக்கெட்டை என் கையில் திணித்து, "முதலாளி கொடுத்தாகன்னா வாங்கிக்கிறேன், நீ போ" என்றார்.

மாற்றி மாற்றி அறுத்தோம். நான், பாண்டி, ராசு அண்ணன், கொஞ்ச நேரம் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. வேகமாக இழுத்தால் பிளேடுதான் மழுங்கும். அழுத்தி, மெதுவாக, எண்ணெய் சொட்டி... மூன்று பிளேடு உடைந்தது. பதினொரு மணிக்குக் கடைசி போல்ட்டும் விழுந்தபோது பாண்டி விசிலடித்தான்.

டாங்கைக் கழுவி, முன்பு வாங்கியதில் மிச்சமிருந்த புது போல்ட்டின் மரையெல்லாம் மெழுகு தேய்த்து, விரலாலேயே சுற்றினேன். வெண்ணெய் மாதிரி போனது. மத்தியானம் சாறு இறங்கியது. ராசு அண்ணனின் லோடில் ஒரு கூடைகூட வீணாகவில்லை. வாரம் ஒருமுறை அந்தக் கதவைத் திறந்து மூடுவேன்... ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை.

இப்போது கோயம்புத்தூரில் பெரிய கம்பெனி. மல்லிகா சொன்ன அந்த பேஸ்ட் டியூப் டியூபாக அலமாரியில் இருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நான் செய்த அதே தப்பைச் செய்திருக்கிறார். ஓரமாக நின்று போனில் வீடியோ பார்த்து, தனியாகவே அறுத்து, தனியாகவே மாட்டிவிட்டார். நாலு நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரியும்.

கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனாலும் அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கேலி பண்ணவும் ஆளில்லை, மாற்றி ரம்பம் பிடிக்கவும் ஆளில்லை... கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என் டாங்க் கதையைச் சொல்லி, இருவருமாக நன்றாகச் சிரித்துவிட்டு வந்தேன்.