நிறம் பிடிக்காத ஜன்னலோரம்

கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போட்ட கைக்குத் தரை என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு வீடு தயாராகிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க மரத்தரை. வெளுத்த மரத்தைக் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பே தரை செய்திருக்கிறேன் என்று சொல்லித்தான் வேலையை வாங்கினேன். செய்ததே இல்லை. கூட என் ஊர்க்காரன் ஒருவன். தென்காசியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து ஒரே அறையில் தங்கியிருந்தோம். மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயினைக் கலக்குவது அவன், துணியால் பூசுவது நான்.

ஐந்து நாள் மெஷின் வைத்துத் தேய்த்தோம். ஆறாம் நாள் காலை பூசினேன். கூடம் முழுக்க நிறம் அழகாக இறங்கியது, ஜன்னலோரம் தவிர. அங்கே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஐந்து வெளிறிய வட்டங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக முதலில் மரத்தைத் திட்டினேன். ஆனால் ஒரே பலகையில் இந்தப் பக்கம் பிடித்த நிறம் அந்தப் பக்கம் ஏன் பிடிக்கவில்லை? வெயிலா? வெயில் வட்டமாகவா விழும்? மறுநாள் ஜன்னலோரம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, சாப்பிட்டு, அங்கேயே கொஞ்சம் கண்ணயர்ந்து, சாயங்காலம் மறுபடி பூசினேன். ஐந்து ஆறாகிவிட்டது. நிஜமாகவே பயந்துபோனேன்.

சூப்பர்வைசர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். குனிந்து பார்த்தார்.

"இன்னாபா இது, தரைக்குத் தேமல் வந்தா மாதிரி கீது? கலர் கலக்கினது யாரு?"

"அவன்தான் சார்," என்றேன். பொய்யில்லை.

"ஒரே டப்பாவுலதான கலக்குனேன். மத்த இடத்துல பிடிச்சிருக்குல்லா?" என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். நியாயமான கேள்வி. நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ நாளைலேந்து வராத," என்றார் அவர் அவனிடம். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஜன்னலோரத்தைத் தனியாகத் தேய்த்தேன். சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் காற்றுக்கு அங்கேயே படுத்தேன். எழுந்து உட்கார்ந்தபோது தலை இருந்த இடத்தில் மரம் மினுங்கியது. தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். தினமும் காலையில் வழிய வழிய நான் தலையில் வைத்துக்கொள்வது. நான் படுத்த இடங்களை நினைவில் எண்ணினேன். மெஷின் ஓட்டிய ஐந்து நாளில் ஐந்து இடம், மறுபடி தேய்த்த அன்று ஆறாவது. கணக்கு சரியாக இருந்தது. அத்தனை நாளும் என் பக்கத்தில்தான் அவனும் படுத்தான். திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு வந்த தலை, எண்ணெய்க்கு வேலையில்லை. அவன் தலை வைத்த இடமெல்லாம் நிறம் சீராகப் பிடித்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

தின்னரால் துடைத்துத் துடைத்து, மறுபடி தேய்த்து, அவன் கலக்கி வைத்துவிட்டுப் போன அதே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினேன். வட்டங்கள் மறைந்தன. சூப்பர்வைசர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவனைத் திரும்பக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடக் கோத்து வைத்திருந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடம் முழுக்க நடந்து பார்த்தார்.

"பாத்தியா? அந்தாளு போனதும் கலர் எப்படி உக்காந்துகினு கீது."

"ஆமா சார்," என்றேன்.