செத்த புறாவும் கேம்ப் முரசும்

போன வாரம் தலைக்கு மை அடிக்க உட்கார்ந்தேன். மனைவியின் வற்புறுத்தல்தான் காரணம் என்று நீங்கள் நம்பினால் எனக்குச் சந்தோஷம். டப்பாவைத் திறந்ததும் அமோனியா நெடி குப்பென்று ஏறியது. குவைத்தில் அப்பாசியா வீட்டுக் குளியலறையில் இருந்தவன், வாலிபத்தில் வேலை பார்த்த சவூதியின் யான்புவுக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடங்களுக்கு நான் பொறுப்பு. அப்போதெல்லாம் நகலெடுத்த தாளில் அமோனியா வாடை பல நாள் போகாது. திருத்தம் வந்தால் பழைய தாள் குப்பைக்கு. பாய் அகலத் தாள், பின்பக்கம் வெள்ளை. கை சும்மா இருக்குமா? ‘கேம்ப் முரசு’ தொடங்கினேன். அமெரிக்காவுக்குச் சுரங்க வேலைக்குப் போன பின்லாந்துக்காரர்களும் கால் ஊன்றுவதற்குள் சொந்த மொழியில் பத்திரிகை போட்டார்களாம். பிற்பாடு அதைப் படித்தபோது பங்காளியைப் பார்த்தது போலிருந்தது. நம்முடையது ஒரே பிரதி, வெள்ளிக்கிழமைதோறும் மெஸ் சுவரில். ஊர் மழை, யாருக்குக் குழந்தை பிறந்தது, கடைசியில் என் கவிதை. கவிதையை ஒருவரும் படித்ததில்லை.

ஒரு வாரம், குடிதண்ணீர்த் தொட்டியில் புறா செத்துக் கிடக்கிறது, மூன்று நாளாகச் சொல்லியும் கேட்பாரில்லை என்று எழுதினேன். மதுரைக்காரரான கேம்ப் பொறுப்பாளர் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துச் சாம்பார்க் குப்பையில் போட்டார். அத்தாட்சி போய்விட்டது என்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

“அடுத்த வெள்ளிக்கிழமை வரட்டும். கையெழுத்த வச்சே கண்டுபிடிச்சு எக்ஸிட் அடிச்சு ஊருக்கே அனுப்பிருவேன்.”

ரூம் மாற்றித் தரக் கேட்டு நான் தமிழில் எழுதிய கடிதம் அவர் மேசையில் கிடந்தது. விசாவுக்காக ஏஜென்ட் வாசலில் ஒன்றரை வருடம் காத்துக் கிடந்தவன் நான். பயந்துவிட்டேன். பத்திரிகையை நிறுத்திவிடலாம் என்று ரூமில் சொன்னேன்.

“நீர் பேசாம இரும்,” என்றார் ஸ்டோர் பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவனேசன். “முதல் வரியை நான் எழுதுறன். மிச்சத்தை ஆளுக்கொரு வரியா எழுதட்டும்.”

ராமநாதபுரத்து வெல்டர் செல்லத்துரை கையை நீட்டினான். “அஞ்சாப்புக்கு அப்புறம் பேனாவே பிடிச்சதில்ல. கொண்டாங்க.”

வெள்ளிக்கிழமை சுவரில் அதே புறாச் செய்தி. பதினேழு வரி, பதினேழு கையெழுத்து. எழுத்தே தெரியாத கம்பி கட்டுகிறவர் புறாவை வரைந்தார். நடுவில் ஒரு வரியை நானும் என் கையாலேயே எழுதினேன். ஒளிவதற்கு அப்போது மனம் வரவில்லை.

பொறுப்பாளர் என் கடிதத்தோடு வந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். என் வரி அவர் கண்ணில் பட்டிருக்கும். பதினேழு பேரையும் ஏற்றி அனுப்பினால் சைட்டில் யார் வேலை பார்ப்பது? கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இது என்ன, கோழியா?”

“புறா சார்,” என்றான் செல்லத்துரை. “தண்ணியில ஊறிருச்சு.”

மறுநாள் தொட்டியைக் கழுவினார்கள்.

இன்று அந்த கேம்ப் இல்லை. இங்கே கம்பெனி ஆட்கள் எல்லோரும் ஃபோனில் ஒரே குரூப்பில் இருக்கிறோம். போன கோடையில் ஒரு எலக்ட்ரீஷியன், தங்கள் ரூமில் ஏசி நின்று ஒன்பது நாளாகிறது என்று அதில் எழுதினார். மேனேஜர் அவரைக் குரூப்பிலிருந்து நீக்கினார். அதே வரியை நான் எழுதினேன். என்னையும் நீக்கினார். பக்கத்து மேசைக்காரரின் ஃபோனை வாங்கிச் சாயங்காலம் வரை பார்த்தேன். எல்லோரும் படித்திருந்தார்கள். மூன்றாவதாக எழுத ஒரு ஆள் வரவில்லை.