எல்லோரிடமும் ‘நல்லாருக்கறனுங்க’ என்றவர்

தெய்வானை அக்கா போய்விட்ட செய்தி எனக்கு நம் பனியன் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மேலே பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகளின் படம், கீழே லாரி எப்போது வரும் என்ற கேள்வி, நடுவில் அவர் காலமான செய்தி. பார்த்துவிட்டோம் என்பதற்குக் கட்டைவிரல் போடுவது நம் குழுவின் வழக்கம். அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. யாரையும் குறை சொல்லவில்லை, ஷிப்மெண்ட் நாளில் கை தானாகப் போகும். ஆனாலும் போனைத் தூக்கி எறியத் தோன்றியது. அவருடைய மகன் எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கனடாவிலிருந்து வந்த பிள்ளைக்கு நான் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் ஆட்களில் ஒருத்தி, அவ்வளவுதான்.

செக்கிங் பகுதியில் அவரோடு நின்ற உங்களுக்கு அவர் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துணி வாங்கும் பையருக்குத் தேதி சொல்லி ஆர்டரை ஓட்டுகிற மெர்ச்சண்டைசர் நான். என் தேதிகளுக்கு எமன் அந்தக் கண்தான். ஒருமுறை குழந்தைகள் சட்டை ஒரு லாட் முழுவதையும் நிறுத்திவிட்டார். கழுத்துத் தையல் லேசாக இழுக்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலாளியே வந்து நயமாகக் கேட்டார். “நீங்க முதலாளிங்க, தாராளமா அனுப்புங்க. நான் பாஸ் பண்ண மாட்டனுங்க. சந்தேகம் வந்தப்பறம் அது சந்தேகமில்லீங்க, டேமேஜுங்க” என்றார். குரல் உயரவே இல்லை. நான்தான் கத்தினேன். கத்தி முடித்ததும் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். எங்கள் பழக்கம் அன்று தொடங்கியது.

பின்னாளில் அவருக்குச் சிறுநீரகத்தில் வந்த புற்று நுரையீரலுக்கும் போயிருந்தது. கணவர் இல்லை, மகன் தூரத்தில். எனக்கும் வேலம்பாளையத்தில் பூட்டிய வீடு ஒன்றுதான் காத்திருக்கும். அதனால் கோவை ஆஸ்பத்திரிக்கு அவரோடு பஸ்ஸில் போய்வருவது என் வேலையாயிற்று. திருமுருகன்பூண்டியில் சாலையோரம் செதுக்கிக்கொண்டிருக்கும் சிலைகளைப் பார்த்து ஒருநாள் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “இன்னும் கண்ணத் தொறக்காத சாமிங்க அது. இப்பவே அப்ளிகேசன் போடறீங்களே” என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நிலையில் இருந்த ஒரு புது மருந்தைக் கொடுக்கலாம் என்றார்கள். இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். நோயை எதிர்க்கும் அணுக்கள் நம் உடம்பையே தாக்கிவிடாமல் அடக்கிவைக்கவென்று வேறு வகை அணுக்கள் இருக்கின்றன. புற்றுக்கட்டி அந்த அடக்கும் அணுக்களைத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொண்டு தப்பிக்கிறது. இந்த ஊசியில் இருக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் அந்த அடக்கும் அணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக் குறைத்துவிடும். பிறகு எதிர்ப்பு அணுக்கள் கட்டியைத் தாக்கும்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். “பெரியவங்க இல்லாத ஊட்ல பசங்க பண்டபாத்திரத்தப் போட்டு ஒடைப்பாங்களே, அப்படி ஆயிராதுங்களா?”

“ஆகலாம்மா. அதுதான் இதுல பயம். குடலையோ தோலையோ அதுவே தாக்கலாம். வயித்தால போனா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம எங்களுக்குச் சொல்லணும்.”

“சொல்லிப் போடறனுங்க” என்றார்.

கட்டி சுருங்கத் தொடங்கியது. ஸ்கேன் படத்தைக் காட்டியபோது டாக்டருக்கே சந்தோஷம். அக்கா பழையபடி செக்கிங் மேஜைக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அடிக்கடி போனில் விசாரிப்பார். “நல்லாருக்கறனுங்க. நீங்க சாப்டீங்களா?” என்பார் இவர். நம் பக்கத்து மனிதர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. யாராவது நலம் கேட்டால் நல்லாயிருக்கிறேன் என்பதுதான் மரியாதை. கேட்டவரிடம் போய் நோயைக் கொட்டுவார்களா? வயிறு சரியில்லையென்றால் அதற்குப் பெயர் சூடு, அதற்கு மருந்து மோரும் வெந்தயமும். அக்கா வந்த நாளெல்லாம் மோர்ப் பாத்திரத்தோடு வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெயிலுக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த ஊசிக்குப் போகிற வழியில், அவினாசியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார். திரும்பி வந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை.

“வயித்தால போவுதுங்களா?”

“சூடுங்க.”

“எப்ப இருந்துங்க்கா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார். “டாக்டருகிட்டச் சொல்லிப் போடாதீங்க. ஊசிய நிறுத்திருவாங்க. கட்டி பாதியாக் கொறஞ்சிருக்குதுங்க. எனக்குச் சாகப் பிடிக்கலீங்க.”

நான் சொன்னேன். டாக்டரின் அறையில் அக்கா வழக்கம்போல் “நல்லாருக்கறனுங்க” என்றதும், “இல்லீங்க டாக்டர், பொய்” என்றேன். அன்றே உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். குடல் ஓட்டையாகும் நிலையில் இருந்ததாம், இன்னும் சில நாள் விட்டிருந்தால் அதிலேயே போயிருப்பார். ஸ்டீராய்டு கொடுத்துக் குடலைக் காப்பாற்றினார்கள். அந்த ஊசியை இனி தரவே முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்தபின் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார். உங்களோடெல்லாம் சிரித்துப் பேசினார். நான் டீக்கு வரும் நேரம் பார்த்து மேஜையை விட்டு நகர்ந்தார். பழங்களோடு வீட்டுக்குப் போனேன், “வாங்க” என்றார், காபி கொடுத்தார், வேறு ஒரு சொல் இல்லை. நான் செய்தது சரிதான். மறுபடியும் அதே அறையில் உட்கார்ந்தால் மறுபடியும் சொல்வேன். சரியானதைச் செய்துவிட்டு இப்படித் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

கொஞ்ச மாதங்களில் கட்டிகள் திரும்ப வளர்ந்தன. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றி உறவினர்கள். ஒவ்வொருவரும் “இப்ப எப்படிங்க இருக்குது?” என்று கேட்க, மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் “நல்லாருக்கறனுங்க” என்றார். எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“உங்க மேல எனக்கு இன்னும் கோவந்தானுங்க.”

“தெரியுதுங்க்கா.”

“நீங்க சொன்னதாலதான் இத்தன நாளு இருந்தனுங்க. அது எனக்குத் தெரியாதுங்களா? ஆனாலும் கோவம் போவலீங்க.” மூச்சு பிடிக்கக் காத்திருந்தார். “என்ற பையங்கிட்டக் கோவிச்சா வேலைய விட்டுப்போட்டு ஓடியாருவான். அந்தச் சின்ன டாக்டரு புள்ள பாவம். சாமிகிட்டக் கோவிக்கப் பயமுங்க. பின்ன நான் ஆருகிட்டத்தானுங்க கோவிச்சுக்கறது?”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோபத்தைத்தான். உங்கள் எல்லோருக்கும் அவர் தன் சிரிப்பைக் கொடுத்தார், அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் உள்ளே இருந்ததைக் கொடுத்தார். இந்த ஊரில் இனி என்மேல் கோபித்துக்கொள்ள ஒருவரும் இல்லை.